பழைய ரத்தின நூலுக்குக் குரல் கொடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வு நேரத்தில் பழைய ஆங்கில அறிவியல் நூல்களை ஒலிநூலாக வாசித்துக் கொடுக்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. "எவ்வளவு தருவாங்க?" என்பதில் தொடங்கி, "அட்டவணையை எல்லாம் எப்படிப் படிப்பீங்க?" என்பது வரை. திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் நல்லது, சேர நினைப்பவர்களுக்கும் நல்லது. ரத்தினக் கற்களைப் பற்றிய நூலை உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வேலையில் வரக்கூடிய எல்லாச் சிக்கலும் அதில் இருக்கிறது.

எவ்வளவு தருவார்கள்?

ஒன்றும் தரமாட்டார்கள். நாமும் ஒன்றும் கட்ட வேண்டாம்.

சரி, யார் நடத்துவது?

லிப்ரிவாக்ஸ். 2005 ஆகஸ்டில் மொன்றியலில் ஹியூ மெக்குவையர் என்பவர் தொடங்கியது. காப்புரிமை தீர்ந்த நூல்களை உலகமெங்கும் இருக்கும் தொண்டர்கள் அவரவர் வீட்டிலிருந்து வாசித்துப் பதிவு செய்கிறார்கள். பதிவுகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் போய்ச் சேருகின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கலாம், இறக்கிக்கொள்ளலாம். விளம்பரம் கிடையாது. ஒரு நூலை ஒருவரே முழுதாக வாசிக்கலாம். அல்லது பத்துப் பதினைந்து பேர் அத்தியாயங்களைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். அறிவியல் நூல்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது வழிதான் சரிப்படும். நானூறு பக்கம் ஒளிவிலகலைத் தனியாக இழுக்க எல்லாராலும் முடியாது.

ஏன் ரத்தினக் கல்? கதை, நாவல் வாசித்தால் கேட்க ஆள் இருக்குமே?

இருக்கும். வாசிக்கவும் ஆள் இருக்கிறார்கள், அதுதான் விஷயம். பேர்பெற்ற நாவல்களுக்கு நாலைந்து வாசிப்புகள் ஏற்கெனவே வந்திருக்கும். அறிவியல் நூல் ஆளில்லாமல் காத்துக் கிடக்கும்.

தமிழர்களுக்கு நான் தனியாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. நாவலில் உரையாடல் வரும். லண்டன் வண்டிக்காரன் பேசுவான், ஸ்காட்லாந்துப் பாட்டி பேசுவாள். அந்த நடிப்பு நமக்கு வராது, வந்தாலும் கேட்பவருக்குச் சிரிப்பு வரும். அறிவியல் நூலில் பேசுவது ஒரே ஓர் ஆள், ஆசிரியர். அவர் பொறுமையாக விளக்குகிறார். வகுப்பில் நன்றாகப் பாடம் நடத்தும் வாத்தியார் குரல் இருந்தால் போதும். அந்தக் குரல் நம் ஊரில் தெருவுக்கு ஒன்று கிடைக்கும்.

எந்த நூலை எடுக்கலாம்?

நான் எப்போதும் காட்டும் உதாரணம் ஜி. எஃப். ஹெர்பர்ட் ஸ்மித் 1912-ல் லண்டனில் வெளியிட்ட ரத்தினக் கல் நூல். அவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் கனிமங்களோடு வாழ்ந்தவர். கல்லை உடைக்காமல், கீறாமல், அதன் ஒளிவிலகல் எண்ணை (ஒளி கல்லுக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்ற அளவை) பார்த்துச் சொல்லும் கையடக்கமான கருவியை நகை வியாபாரிகளுக்கென்று வடிவமைத்தவர். ஹெர்பர்ட்ஸ்மிதைட் என்ற கனிமத்துக்கு அவர் பெயர்தான். நூலின் முதல் பாதி கற்களின் பொதுப் பண்புகள், பட்டை தீட்டும் முறை, செயற்கைக் கற்கள் என்று போகும். அடுத்த பாதி ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பேசும். கடைசியில் அட்டவணைகள். நடை தெளிவானது. வாக்கியங்கள் நீளம்தான், ஆனால் மூச்சு வாங்க இடம் விட்டு எழுதியிருக்கிறார்.

எந்த நூலானாலும் முதலில் லிப்ரிவாக்ஸ் பட்டியலில் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே வந்திருந்தாலும் இன்னொரு வாசிப்புக்குத் தடையில்லை.

காப்புரிமை தீர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு கணக்கு இருக்கிறது. இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

லிப்ரிவாக்ஸ் பார்ப்பது அமெரிக்கச் சட்டத்தை. பழைய நூல்களுக்கு அங்கே வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் ஓர் ஆண்டின் நூல்கள் புதிதாக விடுதலையாகும். 1912-ல் வந்த நூலுக்கு அங்கே கவலையே இல்லை.

நீங்கள் உட்கார்ந்து வாசிக்கும் நாட்டின் சட்டம் இரண்டாவது. அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டு. ஹெர்பர்ட் ஸ்மித் 1953-ல் இறந்தார். ஆகவே 2013 டிசம்பரோடு இங்கே முடிந்தது. பிரிட்டனில் 70 ஆண்டு என்பதால் 2023 முடிய வேண்டியிருந்தது. அதாவது, எழுதியவரின் சொந்த ஊரில் இருக்கும் ஒரு தொண்டரைவிடப் பத்து ஆண்டு முன்னதாகவே மதுரையில் இருக்கும் ஒருவர் இதை வாசித்திருக்கலாம்.

என்னிடம் அதே நூல் புத்தகமாக இருக்கிறது. அதை வைத்தே வாசிக்கட்டுமா?

முதலில் தலைப்புப் பக்கத்தைப் புரட்டி ஆண்டைப் பாருங்கள். இந்த மாதிரி நூல்கள் திருத்தித் திருத்திப் பல பதிப்புகள் வரும். பின்னால் சேர்த்த பகுதிகளுக்கு உரிமை இன்னும் உயிரோடு இருக்கலாம். மறுபதிப்பின் புதிய முன்னுரைக்கும் அப்படியே. நான் ஒருமுறை ஆண்டைப் பார்க்காமல் பின்னால் வந்த பதிப்பை வைத்து ஒரு அத்தியாயத்தை முழுக்க வாசித்து முடித்தேன். ஏழு மணி நேர உழைப்பு குப்பைக்குப் போனது. வருத்தமாக இருந்தது, யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

அந்த நூலின் வேலையை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் தரும் இணைப்பில் உள்ள வருடிய பக்கத்தையோ எழுத்துப் பிரதியையோ மட்டும் பயன்படுத்துங்கள். எல்லாரும் ஒரே பதிப்பை வாசித்தால்தான் முன்னும் பின்னும் ஒட்டும்.

என் ஆங்கிலத்தில் தமிழ் வாடை அடிக்கும். பரவாயில்லையா?

பரவாயில்லை. எந்த நாட்டு உச்சரிப்பும் ஏற்கப்படும், அதைக் குறை சொல்லக் கூடாது என்பதே அங்கே விதி. புரியும்படி, அவசரப்படாமல் வாசித்தால் போதும். நம்மிடம் உள்ள உண்மையான குறை வேகம்தான். தேர்வுக்கு ஒப்பிப்பதுபோல் ஓடுகிறோம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? ரத்தின நூலில் வரும் ஊர்ப் பெயர்களில் பல நம் பக்கத்தவை. ரத்னபுர, கோல்கொண்டா என்று வரும்போது மற்ற நாட்டு வாசகர்கள் தடுமாறுவார்கள், நமக்கு அது வாய்க்குள் இருக்கும் சொல். மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிமத்தின் வகைகளோ, அந்தக் 'கொரண்டம்' என்ற பெயரே நம் 'குருந்தம்' போய் ஆங்கிலமானது. அதை வாசிக்கும்போது நாக்கு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

கடினமான பெயர்களை எப்படி உச்சரிப்பது?

பதிவுக்கு உட்காரும் முன் அத்தியாயத்தை ஒருமுறை பென்சிலோடு படியுங்கள். சந்தேகமான சொல்லை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். அகராதியில் ஒலியைக் கேட்டுவிட்டுத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் தாளில் இருப்பவற்றில் சில: கால்செடனி (தொடக்கம் 'சா' இல்லை, 'க'), ஷடாயன்ஸி (பூனைக்கண் கல்லில் ஓடும் ஒளிக்கீற்று), க்யூலெட் (கல்லின் அடிமுனைப் பட்டை), கிரிசோபெரில் (ஒரு கனிமம்), முவஸான், வெர்நய் (இருவரும் பிரெஞ்சு வேதியியலாளர்கள்).

எல்லாவற்றிலும் என்னை ஏமாற்றியவர் படிகவியலின் தந்தை என்று சொல்லப்படும் பிரெஞ்சுப் பாதிரியார். அவர் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்தால் 'ஹாய்' என்று தோன்றும். நாற்பது நிமிடப் பதிவு முழுக்க ஒவ்வொரு முறையும் அவருக்கு "ஹாய்" சொல்லியிருக்கிறேன், தெருவில் நண்பனைப் பார்த்த மாதிரி. அது ஏறக்குறைய 'அயுயி' என்று வர வேண்டும், முதல் எழுத்துக்கு ஒலியே கிடையாது. பதினோரு இடங்களை வெட்டி ஒட்டினேன்.

அட்டவணை, வாய்பாடு, படம் இவற்றை என்ன செய்வது?

இதற்கு ஒரே விதி என்று கிடையாது. நூலைத் தொடங்கும் முன் ஒருங்கிணைப்பாளர் முடிவு செய்வார், எல்லாரும் அதன்படி நடப்பார்கள். முடிவு செய்யாமல் தொடங்கினால் மூன்றாம் அத்தியாயத்தில் ஒருவர் அடிக்குறிப்பை வாசிப்பார், நான்காம் அத்தியாயத்தில் இன்னொருவர் விட்டுவிடுவார். கேட்பவருக்குக் குழப்பம்.

என் அனுபவத்தில் சரிப்பட்டவற்றைச் சொல்கிறேன்.

எண்கள்: வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.417. இதை "டூ பாயிண்ட் ஃபோர் ஒன் செவன்" என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும். "ஃபோர் ஹண்ட்ரட் செவன்டீன்" என்று புள்ளிக்குப் பிறகு நூறு போட்டால் காதில் விழுந்த எண் மனதில் நிற்காது. பக்கத்தில் பாருங்கள், குருந்தத்துக்கு 1.76 முதல் 1.77, குவார்ட்ஸுக்கு 1.544 முதல் 1.553. நூல் முழுவதும் இந்த இரண்டாம், மூன்றாம் இலக்க வித்தியாசத்தில்தான் ஓடுகிறது. ஒரு கல்லையும் இன்னொரு கல்லையும் பிரிப்பதே அந்தச் சின்ன எண். அதனால் எண் வரும்போது வேகத்தைப் பாதியாக்குங்கள்.

வாய்பாடு: குருந்தம் என்பது அலுமினியம் ஆக்சைடு. பக்கத்தில் குறியீடாக இருந்தால் "ஏ எல் டூ, ஓ த்ரீ" என்று நடுவில் ஒரு சிறு நிறுத்தம் கொடுத்து வாசிக்கலாம். நிறுத்தம் இல்லாவிட்டால் எல்லாம் தொலைபேசி எண் மாதிரி ஒலிக்கும்.

அட்டவணை: இரண்டு பத்தி அட்டவணையை வாசிக்கலாம். "கல் பெயர், எண்; கல் பெயர், எண்" என்று ஒரே தாளத்தில் போனால் காது பிடித்துக்கொள்ளும். ஆறு பத்தி அட்டவணையைக் குறுக்காக வாசித்தால் கேட்பவர் தூங்கிவிடுவார், நெடுக்காக வாசித்தால் தொலைந்துபோவார். அவற்றை விட்டுவிட்டு நூலில் இன்ன பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவது மேல் என்பது என் கட்சி. ஒரு எழுத்தும் விடக்கூடாது என்பவர்களும் உண்டு. பார்வை இல்லாதவர்கள் கேட்கும்போது அந்த அட்டவணை அவர்களுக்கு வேறு எங்கே கிடைக்கும் என்பது இந்தக் கட்சிக்காரர்களின் கேள்வி. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அட்டவணைகளை மட்டும் தனிக் கோப்பாக வாசித்துக் கடைசியில் வைத்தால் இரண்டு பக்கமும் சமாதானமாகும்.

படம்: "படம் 32-ஐப் பார்க்கவும்" என்று வந்தால் அப்படியே வாசியுங்கள். படத்தின் கீழே உள்ள வரியை வாசிப்பதா என்பது கூட்டு முடிவு. படத்தை உங்கள் சொந்த வார்த்தையில் வர்ணிக்க ஆரம்பிக்காதீர்கள். அது உங்கள் நூல் இல்லை.

நூலில் சொல்லியிருப்பது இன்றைக்குத் தவறு. திருத்தி வாசிக்கலாமா?

கூடாது. எழுத்தில் இருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும். இடையில் "இது இப்போது மாறிவிட்டது" என்று சொல்லக்கூட அனுமதி இல்லை. முதலில் எனக்கு இது உறுத்தியது. இப்போது இந்த இடங்கள்தான் எனக்குப் பிடித்தவை.

எடை ஒன்று. 1905 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த கல்லினன் வைரத்தின் எடை அந்தக் கால ஆங்கில நூல்களில் 3025¾ காரட். இன்றைய புத்தகத்தில் 3106 காரட். கல் வளரவில்லை. அப்போதைய ஆங்கிலக் காரட் 205 மில்லிகிராமுக்குச் சற்று மேல். 200 மில்லிகிராம் மெட்ரிக் காரட்டை 1907-ல் உலக எடை அளவு மாநாடு ஏற்றது, பிரிட்டனில் அது 1914-ல்தான் நடைமுறைக்கு வந்தது. 1912-ல் எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அளவுகோல் மாறிவிட்டது.

செயற்கை வைரம் இரண்டாவது. 1890-களில் உருகிய இரும்பில் கரியைக் கரைத்துத் திடீரென்று குளிரவைத்து வைரம் செய்துவிட்டதாக முவஸான் சொன்னார். அந்தக் காலத்து நூல்கள் பல அதை நம்பின. இன்றைக்கு அதை ஏற்பவர்கள் குறைவு. ஐயமில்லாத செயற்கை வைரம் 1950-களில்தான் வந்தது. ஆனால் செயற்கை மாணிக்கம் அப்படியில்லை. பொடியைத் தீச்சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாகப் படிகம் வளர்க்கும் வெர்நயின் முறை 1902-லேயே வெளியாகிவிட்டது. 1912-ல் எழுதிய ஒருவருக்கு அது பழைய செய்தி. எது உண்மை, எது பிழை என்று வாசிக்கும்போது நமக்குத் தெரிந்திருந்தாலும், இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு வாசிக்க வேண்டும். குரலில் நக்கல் எட்டிப் பார்க்கக் கூடாது.

இன்னொன்று இலங்கையைச் சேர்ந்தது. அங்கே ஆற்றுப் படுகைச் சரளையில் கிடைக்கும் தங்கப் பழுப்புக் கல் ஒன்றைப் பழுப்புநிறப் பெரிடாட் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். 1952-ல் சோதித்துப் பார்த்து, அது வேறு கனிமம் என்று தெரிந்து, சின்ஹலைட் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முந்தைய நூலில் பழுப்புப் பெரிடாட் வரும் இடத்தை வாசிக்கும்போது, பெயர் கிடைக்காமல் நாற்பது ஆண்டு காத்திருக்கப் போகும் கல் அது என்பது வாசிப்பவருக்கு மட்டும் தெரியும்.

பதிவைப் பற்றிய சிறு குறிப்பு எழுத நூல் பட்டியலில் இடம் உண்டு. "இது 1912-ன் அறிவு" என்று அங்கே ஒரு வரி போட்டால் போதும்.

எனக்கு இயற்பியல் தெரியாது. புரியாமல் வாசித்தால் தெரிந்துவிடுமா?

தெரிந்துவிடும். எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்பதில் மாட்டிக்கொள்வோம்.

இரட்டை விலகல் (கல்லுக்குள் போகும் ஒளி இரண்டாகப் பிரிவது) அத்தியாயத்தை நான் முதலில் வாசித்தபோது சொற்கள் சரி, வாக்கியம் செத்துக் கிடந்தது. பிறகு நகைக்கடையில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் ஒரு ஜிர்கான் கல்லையும் பத்து மடங்கு லென்ஸையும் கையில் கொடுத்தார். கல்லை மேலிருந்து பார்த்தால் அடிப்பக்கத்துப் பட்டைகளின் ஓரக் கோடுகள் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கண் கலங்கியதுபோல் இருந்தது, ஆனால் கண் தெளிவாகத்தான் இருந்தது. கல்லைச் சற்றுத் திருப்பினேன். ஒரு கோணத்தில் இரண்டு கோடும் ஒன்றாய்ச் சேர்ந்தன. பக்கத்தில் வைத்த வைரத்தில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒற்றைக் கோடுதான். ஜிர்கானை வைரம் என்று விற்பவனைப் பிடிக்க இது ஒன்றே போதும். வீட்டுக்கு வந்து அதே பக்கத்தை வாசித்தேன், எங்கே நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை.

எல்லாருக்கும் கல் கிடைக்காது. ஒரு காணொளி பார்த்தாலும் போதும். அத்தியாயத்தை வீட்டில் ஒருவருக்கு உங்கள் வார்த்தையில் சொல்லிப் பார்த்துவிட்டு வாசிக்க உட்காருங்கள்.

என்ன கருவி வேண்டும்?

யூஎஸ்பி மைக் ஒன்று, ஹெட்ஃபோன் ஒன்று, கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள். ஆடாசிட்டி இலவசம். விலையுயர்ந்த மைக் வாங்கி மின்விசிறியைப் போட்டுக்கொண்டு வாசிப்பதைவிட, சாதாரண மைக்கோடு மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசிப்பது எவ்வளவோ மேல்.

எங்கள் வீட்டில் அமைதியே கிடையாதே!

யார் வீட்டில்தான் இருக்கிறது? குக்கர் விசில், கோயில் ஒலிபெருக்கி, காய்கறி வண்டி, மாடியில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம். எங்கள் தெருவில் காலை நாலரை மணிக்கும் ஐந்தே காலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. பால்காரர் போன பிறகு, குயில் தொடங்கும் முன். பாதி நூலை அந்த முக்கால் மணி நேரத்தில்தான் வாசித்தேன். சித்திரை மாதம் குயில் முந்திக்கொள்ளும், ஒன்றும் செய்ய முடியாது.

எதிரொலிக்கு மருந்து துணி. புடவைகள் மடித்து அடுக்கிய அலமாரியைத் திறந்து வைத்து, அதைப் பார்த்து உட்கார்ந்து வாசியுங்கள். மைக் பின்னால் ஒரு ஜமுக்காளம். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஐந்து நொடி பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை மாதிரியாகக் கொடுத்தால் ஆடாசிட்டி பின்னணி இரைச்சலைக் குறைத்துவிடும். அளவோடு செய்யுங்கள். மிஞ்சினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும்.

தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு உடனே உட்கார வேண்டாம். தொண்டையில் நிற்கும். பக்கத்தில் வெந்நீர் இருக்கட்டும்.

கோப்பு எப்படி இருக்க வேண்டும்?

எம்பி3, 128 கேபிபிஎஸ், 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோ. ஒலி அளவு 89 டெசிபலை ஒட்டி. முடிவில் ஐந்து நொடி மௌனம். முதலில் ஒரு நிமிட மாதிரிப் பதிவு அனுப்பச் சொல்வார்கள். இந்த அமைப்பெல்லாம் அதில் சரியாகிவிடும், பிறகு மறந்துவிடலாம்.

தொடக்கத்தில் ஏதாவது சொல்ல வேண்டுமா?

ஆம். இது எத்தனையாவது பகுதி, எந்த நூல், இது லிப்ரிவாக்ஸ் பதிவு, இதற்குக் காப்புரிமை இல்லை என்று ஒரு சிறு அறிவிப்பு. வாசகம் அவர்களே தருவார்கள். பிறகு விருப்பமிருந்தால் உங்கள் பெயர். முழுப்பெயர் வேண்டாம் என்றால் புனைபெயர் வைத்துக்கொள்ளலாம்.

யாராவது சரிபார்ப்பார்களா?

இன்னொரு தொண்டர் முழுதும் கேட்பார், சில நூல்களுக்கு நூலைப் பார்த்துக்கொண்டே. ஒரே வரி இரண்டு முறை வந்திருக்கிறதா, வரி விடுபட்டதா, நீண்ட மௌனம் இருக்கிறதா, இரைச்சல் உண்டா என்று பார்த்து நிமிடம், நொடியோடு குறித்து அனுப்புவார். உங்கள் குரலையோ நடையையோ மதிப்பிட மாட்டார். வாசிக்கத் தயக்கமாக இருந்தால் இந்த வேலையில் சேருங்கள். சமையல் செய்துகொண்டே கேட்கலாம் என்று நினைக்காதீர்கள், கவனம் பதிவில் இருக்க வேண்டும்.

பிழைத் திருத்தம் வந்தால் மனசு சுணங்க வேண்டாம். நாற்பது நிமிடத்தில் நான்கைந்து இடம் எனக்கு இன்றும் வரும்.

எவ்வளவு நேரம் ஆகும்?

இருபது நிமிட ஒலிக்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது: முன்படிப்பு அரை மணி, வாசிப்பு அரை மணிக்குச் சற்று மேல், மீதி வெட்டி ஒட்டல். தொடக்கத்தில் இதைவிடக் கூடுதலாகும். தவறினால் பதிவை நிறுத்தாமல் ஒரு கைதட்டு தட்டிவிட்டு வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசியுங்கள். அலைவரைபடத்தில் அந்தக் கைதட்டு ஊசிபோல் நீட்டிக்கொண்டு தெரியும். எங்கே வெட்ட வேண்டும் என்று தேட வேண்டியதில்லை.

எடுத்த பகுதியை முடிக்க முடியாவிட்டால்?

சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான். பெரும்பாலும் ஒரு பகுதிக்கு இரண்டு மாதம் போல் அவகாசம் இருக்கும். வீட்டில் கல்யாணம், தேர்வு, காய்ச்சல் என்று எல்லாருக்கும் வரும். திருப்பிக் கொடுத்தால் வேறொருவர் எடுத்துக்கொள்வார். பேசாமல் மறைந்துபோவதுதான் சிக்கல். ஒரே ஒரு அத்தியாயத்துக்காக மொத்த நூலும் நின்றுவிடும்.

என் குரலை யாராவது விற்றால்?

விற்கலாம். பதிவுக்கும் காப்புரிமை கிடையாது என்று நாமே சொல்லிக் கொடுத்துவிட்டோம். குறுந்தகட்டில் போட்டு விற்கலாம், காணொளிக்குப் பின்னணியாக வைக்கலாம், நம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. பேச்சை எழுத்தாக்கும் கணினிகளுக்குப் பயிற்சி கொடுக்கவும் பயன்படுகிறது. 2015-ல் வெளியான லிப்ரிஸ்பீச் என்ற தொகுப்பில் ஏறத்தாழ 1000 மணி நேர ஆங்கில வாசிப்பு, எல்லாம் இந்தத் தொண்டர்களுடையது. இது பிடிக்காதவர்கள் சேர வேண்டாம். நான் மழுப்ப விரும்பவில்லை. எனக்கும் முதல் முறை கேட்டபோது வயிற்றில் என்னவோ செய்தது, பிறகு பழகிவிட்டது.

இப்போதுதான் கணினியே வாசிக்கிறதே, அதை வைத்துப் பதிவு செய்து அனுப்பினால்?

ஏற்கமாட்டார்கள். மனிதர் வாசித்தது மட்டும்தான்.

ராசிக்கல் பலன் எல்லாம் நூலில் வருமா?

ஹெர்பர்ட் ஸ்மித்திடம் அதைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். அது வேண்டுமென்றால் ஜார்ஜ் ஃப்ரெடரிக் குன்ஸ் 1913-ல் எழுதிய, கற்களைப் பற்றிய நம்பிக்கைகளின் தொகுப்பு இருக்கிறது. குன்ஸைட் கல்லுக்குப் பெயர் தந்தவர் அவர். 1932-ல் இறந்துவிட்டதால் அதுவும் எல்லாருக்கும் பொதுவானதுதான். இன்றைக்கு நகைக்கடையில் தொங்கும் பிறந்த மாதக் கல் பட்டியல் ஆதிகாலத்து ஞானம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: அதை இப்படி வரிசைப்படுத்தியது அமெரிக்க நகை வணிகர் சங்கம், அதே 1912-ல்.

தமிழில் இப்படி ஒன்றை வாசிக்க முடியாதா?

முடியும். லிப்ரிவாக்ஸ் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியது இல்லை. மூலநூல் அமெரிக்கக் கணக்கில் விடுதலையாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல் எல்லாமே அந்தக் கணக்கில் தேறும் என்று நினைத்துவிடாதீர்கள். வெளியான ஆண்டைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

கல் சோதனை நமக்கு அந்நியமான பொருள் இல்லை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை ரத்தினக் கடைத்தெரு வருகிறது. வைரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று நான்கு குற்றங்களைச் சொல்லி, அவை நீங்கிய கல்லே நல்ல கல் என்கிறது. கீறல், கறை, புள்ளி, கோடு. லென்ஸ் இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் இதைப் பார்த்திருக்கிறார்கள். நொய்யல் கரைக் கொடுமணலில் கல்மணிப் பட்டறைகள் இருந்ததை அகழாய்வு காட்டியிருக்கிறது.

ஆங்கில நூலைத் தமிழாக்கி வாசிக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் கல் பெயர்கள் ஆங்கிலப் பெயர்களோடு ஒன்றுக்கு ஒன்று ஒட்டாது. புஷ்பராகம் என்றால் அகராதி டோபாஸ் என்னும், கடைக்காரர் பெரும்பாலும் நீலக்கல்லின் மஞ்சள் வகையை எடுத்துக் காட்டுவார். வைடூரியம் இன்றைக்குப் பூனைக்கண். அதன் பழைய வடிவத்திலிருந்து வந்த பெரில் என்ற சொல்லோ மரகதத்தின் குடும்பத்தைக் குறிக்கிறது. அறிவியல் நூலில் இதைக் கலந்தால் எண்கள் எல்லாம் பொய்யாகிவிடும். கனிமப் பெயரைத் தமிழ் எழுத்தில் அப்படியே வைத்துவிடுங்கள்.

முதல் முறை எந்தப் பகுதியை எடுக்கட்டும்?

சிறிய அத்தியாயமாக, ஒரே கல்லைப் பற்றியதாக எடுங்கள். ஓப்பல், டூர்மலின், ஜேட் மாதிரி. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடியும், எண்களும் அதிகம் இராது. ஒளியியல் அத்தியாயங்களை இரண்டாவது நூலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வைரத்தை விட்டுவிடுங்கள், அதற்கு எப்போதும் ஆள் வந்துவிடும். கடைசி அட்டவணைகளுக்குத்தான் யாரும் பெயர் கொடுப்பதில்லை. பெரும்பாலும் அது என் தலையில்தான் விழுகிறது.